நான்காவது முயற்சியில் வருகிறவர்கள்

ஜூன் 5, திங்கள்

இன்று வேலையைப் பங்கு போட்டார்கள். எனக்கு விழுந்தது மிச்சம்.

அமெரிக்க ஃபுட்பால் கேம் ஒன்றை அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காக எங்கள் ஸ்டுடியோ செய்கிறது. சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு, எங்களில் யாரும் நேரில் பார்த்திராத ஒரு விளையாட்டின் அச்சு அசலைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் திறன்கள் உண்டு. கேமை விளையாடுகிறவர் அவற்றில் எதை வளர்ப்பது என்று தேர்ந்தெடுப்பார். பந்தை எறிகிற நாயகனுக்கு நாற்பத்தாறு திறன்கள். பந்தைப் பிடித்து ஓடுகிறவனுக்கு முப்பத்தெட்டு. ஸ்பெஷல் டீம்ஸ் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பந்தை உதைக்கிறவன், அவனுக்குப் பந்தை நிறுத்திப் பிடிக்கிறவன், கால்களுக்கு இடையே பின்னால் எறிந்து கொடுக்கிறவன். உதைக்கிறவனுக்கு மொத்தம் இரண்டு திறன்கள்: பலம், குறி. மற்ற இருவருக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் கூட்டம்தான் எனக்கு.

"கோவிச்சுக்காதீங்க வாணி" என்றார் தனசேகர் சார். அவர் எங்கள் வடிவமைப்புக் குழுவின் தலைவர். "ஆறு வாரம் தந்திருக்கேன். ரெண்டு வாரத்துல முடிச்சுருவீங்க. உதைக்கறானா, போறானா, அவ்வளவுதான். யாரு அதையெல்லாம் விளையாடப் போறா? பட்டனை அமுக்கித் தாண்டிப் போயிருவாங்க."

போன வருஷம் கிரிக்கெட் கேமில் எனக்குக் கிடைத்தது நடுவரின் கை சைகைகள். அதற்கு முன் வருஷம் பார்வையாளர்களின் சட்டை நிறம். ஒன்பது வருஷ அனுபவம்!

கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே "சரிங்க சார்" என்றேன். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

ஜூன் 6, செவ்வாய்

வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. மெக்கானிக் வியாழன் வருகிறாராம். துணி வாளியில் ஊறுகிறது.

ஜூன் 8, வியாழன்

மெக்கானிக் வரவில்லை.

மூன்று நாளாகப் பழைய ஆட்டங்களின் வீடியோக்களைப் பார்க்கிறேன். ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மூன்றில் முடியாமல் போனால், நாலாவது முயற்சியில் நாயகர்கள் எல்லோரும் வெளியே போய்த் தண்ணீர் குடிக்கிறார்கள். அப்போதுதான் இவர்கள் உள்ளே வருகிறார்கள். மற்றவர்களால் முடியாமல் போன இடத்தில் இவர்களுக்கு வேலை ஆரம்பம். ஒருவன் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்து, ஏழு கெஜம் பின்னால் எறிகிறான். இன்னொருவன் மண்டியிட்டுப் பிடித்து, பந்தின் தையல் உதைக்கிறவன் பக்கம் இல்லாதபடி திருப்பி நிறுத்துகிறான். மூன்றாமவன் உதைக்கிறான். எல்லாம் ஒன்றேகால் நொடி. கண் சிமிட்டினால் போச்சு.

சரியாகப் போனால் யாரும் பெயர் சொல்வதில்லை. தவறினால் நாடே சொல்கிறது.

இந்தப் பகுதியைச் சோதிக்க எனக்குக் கொடுத்திருப்பது ஷமீமாவை. கோட்டைமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். என் வயதுதான். ஒப்பந்த ஊழியர் என்பதால் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டைக்கு மஞ்சள் பட்டை. எங்களுக்கு நீலம். மஞ்சள் பட்டைக்காரர்களுக்கு மேல்மாடிக் கேன்டீனில் அனுமதி இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது. இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாளாம்! இது என்ன நியாயம்? சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கீழே போய் அவளோடு சாப்பிட்டேன்.

"நாளைக்கும் வருவியா, இல்ல இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள்.

"தினமும் வருவேன்" என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

பட்டியல் தயார். ஆபிஸில் ஆங்கிலப் பெயர்கள். இங்கே என் பெயர்கள். காற்றைப் படித்தல். உயர உதைத்துக் காற்றில் நிறுத்தல். மூலையில் உருட்டி விடுதல். உதைப்பதுபோல் போய் எறிதல். எதிரணிப் பயிற்சியாளர் வேண்டுமென்றே கடைசி நொடியில் நேரம் கேட்டு உதைக்கிறவனின் மனதைக் கலைப்பார். அதற்கு அசையாமல் இருப்பது ஒரு திறன். மொத்தம் இருபத்திரண்டு.

தனசேகர் சார் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டினார். "உதைக்கறவனுக்கு மனசெல்லாம் எதுக்குங்க?" என்றார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

பலமும் குறியும் தவிர எல்லாவற்றையும் 'விருப்பத்தேர்வு' என்று குறித்துவிட்டார். அப்படியென்றால் நேரமிருந்தால் செய்யலாம், செய்யாவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பொருள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

வாஷிங் மெஷின் சரியாயிற்று. உள்ளே இருந்தது என் கணவரின் ஹெட்போன் மூடி. அவர் அது தன்னுடையதில்லை என்கிறார். வீட்டில் வேறு யார் ஹெட்போன் வைத்திருக்கிறார்கள்?

ஜூன் 16, வெள்ளி

ஷமீமா ஒரு தாளைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கேமில் ஆயிரம் உதைகளை விளையாடிப் பார்த்திருக்கிறாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"இருநூத்திப் பன்னெண்டு உதை தப்பிப் போச்சு. அதுல எழுபத்தொண்ணு உதைச்சவன் தப்பே இல்ல வாணி. எறிஞ்சவன் தாழ எறிஞ்சுட்டான், இல்லாட்டி பிடிச்சவன் தையலைத் திருப்பல. ஆனா கேம் என்ன பண்ணுது? எல்லாத்தையும் உதைச்சவன் தலையில கட்டுது. அவன் மார்க்கைக் குறைக்குது. நாலு தடவை ஆனா டீமை விட்டே தூக்கிருது."

"அடப்பாவி!"

"மூணு பேரையும் ஒண்ணா வளக்கற மாதிரி வெக்கணும். ஒருத்தன மட்டும் வளத்தா திறன் தெறக்கவே கூடாது. மூணு பேரும் சேந்து பழகினாத்தான் தெறக்கணும். தப்புனாலும் மூணு பேருக்கும் பங்கு போகணும்."

எவ்வளவு அழகாகக் கணக்கு எடுத்திருக்கிறாள். இப்படி ஒருத்திக்கு மஞ்சள் பட்டை.

ஜூன் 17, சனி

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. மூவரையும் ஒரே சங்கிலியாக இணைத்தால் என்ன? எறிகிறவன், பிடிக்கிறவன், உதைக்கிறவன் மூவரும் சேர்ந்து பழகினால் மட்டும் திறக்கும் திறன்கள். 'மூவர் கூட்டு.' தோசை கருகியது. கருகட்டும். மகளைப் பரதநாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு, வெளியே ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதிவிட்டேன். ஒன்பது வருஷத்தில் இவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை.

ஜூன் 22, வியாழன்

மூவர் கூட்டு ஓடுகிறது! அதைச் செய்துகொடுத்த புரோகிராமரே "நல்லாருக்குதுங்க்கா" என்றார். ஸ்பெஷல் டீம்ஸை யாரோ நல்லாருக்கு என்றது இதுதான் முதல் தடவை.

ஷமீமா நாலு பிழைகளைப் பதிவு செய்திருக்கிறாள். மூன்று நியாயமானவை. நாலாவது, மழை பெய்யும் ஆட்டத்தில் எதிரணி கடைசி நொடியில் நேரம் கேட்டால், மறுபடி ஆடும்போது பந்து ஆளில்லாத இடத்துக்குப் போகிறதாம். இருபது தடவைக்கு ஒரு தடவை. வெள்ளிக்கிழமைக்குள் பிழைப் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தனசேகர் சாருக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும். மழையில் நேரம் கேட்டு யார் விளையாடப் போகிறார்கள்? 'பிறகு' என்று குறித்து மூடினேன்.

கேஸ் புக் செய்தாயிற்று.

ஜூன் 28, புதன்

சாப்பிடாமல் இதை எழுதுகிறேன்.

மாலை ஆறரைக்கு அமெரிக்காவுடன் அழைப்பு. அந்தப் பக்கம் டக்ளஸ், அவர்களுடைய தயாரிப்பாளர். இந்தப் பக்கம் தனசேகர் சார், எங்கள் ஸ்டுடியோ மேனேஜர் லீனா மேடம், நான். என்னைக் 'கேட்டுக்கொண்டிருக்க' மட்டும் அழைத்திருந்தார்கள். தனசேகர் சார் திரையைப் பகிர்ந்தார். என் பதினொரு பக்கங்கள். முதல் பக்கத்தில் என் பெயர் இருந்த இடத்தில் அவர் பெயர்.

"உதைக்கிறவனின் மனதைப் பற்றி யாருமே யோசிப்பதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஓர் உறுத்தல்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். உறுத்தலாம்! டக்ளஸ் எழுந்து நின்று கைதட்டினார். கல்லூரியில் அவர் பந்தைப் பின்னால் எறிகிறவராக இருந்தாராம். நாலு வருஷம் ஆடியும் தன் பெயர் ஒருமுறைகூட மைக்கில் வரவில்லை என்றார்.

என் மேசையில் மைக்கை அணைத்து வைத்திருந்ததால், நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

ஜூன் 29, வியாழன், பக்ரீத் விடுமுறை

லீனா மேடத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். நான்கு தடவை திருத்தினேன். எந்தத் தேதியில் என்ன எழுதினேன், எந்தக் கோப்பு எப்போது உருவானது, எல்லாவற்றுக்கும் சாட்சி வைத்தேன். ஆயிரம் உதைகளின் கணக்கையும் இணைத்தேன். 'ஒருவர் உழைப்பை இன்னொருவர் தன் பெயரில் காட்டுவது திருட்டு' என்று முடித்தேன். அந்த வரியை மட்டும் மாற்றவே இல்லை.

மதியம் ஷமீமா தன் தம்பியிடம் பிரியாணி கொடுத்தனுப்பியிருந்தாள். நன்றி சொல்லப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"விடாத வாணி. எழுது. நான் எடுத்த கணக்கையும் வெச்சிருக்கியா?"

"வெச்சிருக்கேன்."

"ம்" என்றாள். பின்னால் குழந்தைகள் சத்தம். வைத்துவிட்டாள்.

கணக்கு இணைப்பில் இருக்கிறது. மின்னஞ்சலில் அவள் பெயர் வரவில்லை. சண்டை எனக்கும் தனசேகர் சாருக்கும். அதில் அவளை எதற்கு இழுக்க வேண்டும்? ஒப்பந்த ஊழியர். அவள் நல்லதுக்குத்தான்.

ஜூலை 3, திங்கள்

ஜெயித்துவிட்டேன்.

லீனா மேடம் இருவரையும் உட்கார வைத்தார். தேதிகளைப் படித்தார். தனசேகர் சார் "டீம் வேலைங்க மேடம், அதுல யாரு பேருன்னு" என்று ஆரம்பித்தார். "அப்ப அவங்க பேர் எங்க?" என்றார் மேடம். இனி ஸ்பெஷல் டீம்ஸ் முழுவதும் என் பொறுப்பு. பன்னிரண்டாம் தேதி டக்ளஸுக்குக் காட்டும் செயல்விளக்கத்தை நானே நடத்துகிறேன்.

கீழே போய்ச் சொன்னபோது ஷமீமா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எதையோ கேட்கப்போகிறவள் போல நின்றாள். அதற்குள் எனக்கு அழைப்பு வந்துவிட்டது.

ஜூலை 4, செவ்வாய்

மீட்டிங் நாலு. மேல்மாடியிலேயே சாப்பிட்டேன்.

ஜூலை 12, புதன்

டக்ளஸும் அவருடைய சக ஊழியர் ஒருவரும் அங்கே உட்கார்ந்து விளையாடினார்கள். நான் இங்கிருந்து விளக்கினேன். எல்லாம் அருமையாகப் போனது. டக்ளஸ் மழையைத் தேர்ந்தெடுத்தார். அவர் விளையாடிய காலத்தில் எப்போதும் மழையாம். கடைசி நொடி, ஜெயிக்க ஓர் உதை. எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே நேரம் கேட்டார்.

மறுபடி ஆரம்பித்தது. பந்து பின்னால் போனது. பிடிக்கிறவன் ஒரு பக்கம் மண்டியிட்டிருக்க, பந்து யாருமே இல்லாத இடத்தில் போய் விழுந்தது. உதைக்கிறவன் ஓடிவந்து காற்றை உதைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் கொண்டாடினான்.

அவருடைய சக ஊழியர் சிரித்தார். டக்ளஸ் சிரிக்கவில்லை.

ஜூலை 13, வியாழன்

லீனா மேடம் கேட்டார், "இது எப்படி யாரு கண்ணுலயும் படல?"

"டெஸ்டிங்ல கோட்டை விட்டுட்டாங்க மேடம்" என்றார் தனசேகர் சார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

மேடம் திறந்திருக்கும் பிழைகளின் பட்டியலைப் பார்த்தார். அதில் இல்லை. மூடியவற்றை அவர் பார்க்கவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூலை 14, வெள்ளி

ஷமீமாவின் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள்! காலை ஒன்பதரைக்கு மஞ்சள் பட்டையை வாங்கிக்கொண்டு, பதினைந்து நிமிஷத்தில் வாசலுக்கு அனுப்பிவிட்டார்கள். 'நான் பதிவு செய்தேன், எடுத்துப் பாருங்கள்' என்று சொன்னாளாம். காட்டலாம் என்றால் அவளுடைய கம்ப்யூட்டர் லாகினை அதற்குள் முடக்கியிருந்தார்கள்.

இதைவிட அநியாயம் உண்டா? இரண்டு வருஷம் உழைத்தவளுக்குப் பதினைந்து நிமிஷம். ஒரு விசாரணை கிடையாது, ஒரு கேள்வி கிடையாது. தனசேகர் சார் மனுஷனே இல்லை. லீனா மேடமாவது யோசித்திருக்கலாம். இந்த மாதிரி இடத்தில் வேலை செய்யவே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 15, சனி

பள்ளியில் பெற்றோர் கூட்டம். மகள் கணக்கில் கவனக்குறைவு என்றார் டீச்சர். அவளைத் திட்டினேன். "தப்பு பண்ணுனா உடனே சொல்லணும், மறைக்கக் கூடாது" என்றேன். வீடு வரும்வரை அவள் ஸ்கூட்டரில் என்னைப் பிடிக்காமலே உட்கார்ந்து வந்தாள்.

ஜூலை 18, செவ்வாய்

கோட்டைமேட்டுக்குப் போனேன். ஷமீமாவின் வீடு ஒரு பைண்டிங் கடைக்கு மேலே. படியில் பசை வாசனை. டீ கொடுத்தாள். நான் பேச ஆரம்பித்தேன். கம்பெனியை, தனசேகர் சாரை, மஞ்சள் பட்டையை, யாரையும் விடவில்லை. யூனியன் வைத்துப் பார்க்கலாம், வக்கீலைப் பார்க்கலாம் என்றேன். என் குரல் கீழே கடைவரை கேட்டிருக்கும்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிட்டு வந்தாள்.

"அந்தப் பிழைய மூடினது யாரு வாணி?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"மூடினா எனக்கு மெயில் வரும். உன்ற பேர்ல வந்துச்சு. இருபத்திரண்டாந் தேதியே எனக்குத் தெரியும். சரி, வேலை நெருக்கடின்னு விட்டுட்டேன். வியாழக்கெழமை நீ சொல்லுவேன்னு பாத்தேன். வெள்ளிக்கெழமை வாசல்ல நிக்கறப்பவும் நீ எறங்கி வருவேன்னு மேல பாத்துட்டே நின்னேன்."

"ஷமீமா..."

"மூணு பேரையும் ஒண்ணா வளக்கணும்னு நான் சொன்னேன். மறுநாளே அது உன்ற யோசனை ஆயிருச்சு. அதையும் விட்டுட்டேன். அப்பறம் அந்தாளு உன்கிட்டத் திருடிட்டான்னு எனக்கே போன் பண்ணி அழுதே. எனக்குச் சிரிக்கறதா என்னன்னு தெரியல. உனக்கு நல்லாக் கோவப்படத் தெரியுது. ஆனா எப்பப் பாத்தாலும் அது அடுத்தவங்க மேலயே வருது."

செருப்பைப் போட எனக்கு நேரமாயிற்று. கால் நுழையவே இல்லை. அவள் கதவருகே நின்று, நான் படி இறங்கி முடிக்கும்வரை விளக்கைப் போட்டு வைத்திருந்தாள்.

ஜூலை 19, புதன்

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஜூன் பதினாறும் பதினேழும் படித்துப் பார்த்தேன்.

ஜூலை 20, வியாழன்

லீனா மேடத்தின் அறைக்குப் போனேன். உட்காரவில்லை.

"மழைப் பிழையை ஷமீமா ஜூன் இருபத்திரண்டாந் தேதி பதிவு பண்ணுனாங்க. மூடினது நான். மூவர் கூட்டு யோசனையும் அவங்களோடது. நான் அதை எழுதினேன், அவ்வளவுதான். ஆயிரம் உதைக் கணக்கும் அவங்க எடுத்தது."

மூடிய பிழைகளின் பட்டியலை மேடம் திறந்து பார்த்தார்.

"இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"யாரும் கேக்கலைன்னு நெனச்சுட்டு இருந்தேன் மேடம்."

"ஒருத்தர் உழைப்பை இன்னொருத்தர் பேர்ல காட்டறது திருட்டுன்னு எனக்கு ஒரு மெயில் வந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது.

பொறுப்பு என்னிடமிருந்து போய்விட்டது. மறுபடி தனசேகர் சாரிடம். அது சரியில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கினேன். ஷமீமாவைத் திரும்ப எடுக்க முடியாதாம். அந்த இடத்தை ஏஜென்சி ஏற்கெனவே நிரப்பிவிட்டது. "தப்பு அவங்களோடது இல்லைன்னு லெட்டர் தர்றேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்றார். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார். கடிதத்தில் 'தவறுதலாக' என்று ஒரு சொல் இருந்தது. 'எங்கள் தவறால்' என்று மாற்றும்வரை நான் அறையைவிட்டு வரவில்லை.

ஜூலை 31, திங்கள்

அந்தக் கடிதத்தோடு ஷமீமாவுக்குப் பீளமேட்டில் ஒரு மருத்துவ மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நிரந்தர வேலை. இதைச் சொன்னது மூவர் கூட்டைச் செய்துகொடுத்த புரோகிராமர். அவள் எனக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, திங்கள்

கேமின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை அனுப்பச் சொன்னார்கள். ஒரு பகுதிக்கு ஒரு பெயர்தான். ஸ்பெஷல் டீம்ஸ் திறன் வடிவமைப்பு என்ற வரியைத் தனசேகர் சார் காலியாக விட்டு என்னிடம் தள்ளினார். "உங்க பேரையே போட்டுக்கங்க. நமக்கு எதுக்குச் சண்டை" என்றார். சமாதானம் பேசுகிறாராம்.

ஷமீமாவின் பெயரை அடித்தேன்.

"வேலையை விட்டுப் போனவங்க பேரா?"

"வேலையைச் செஞ்சவங்க பேருங்க சார்."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கேமில் என் பெயர் எங்கேயும் வரவில்லை. நடுவரின் கை சைகைக்குக்கூட வந்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நேற்று சோதனைப் பதிப்பு எல்லோருக்கும் வெளியானது. இன்று காலை பதினொன்றுக்கு ஷமீமாவிடமிருந்து செய்தி. கோட்டைமேட்டுக்குப் பிறகு முதல் செய்தி.

"இங்கிலீஷ்ல என் பேர்ல ரெண்டு ஈ வரும். நீ ஒரு ஐ போட்டு வெச்சிருக்கே."

எழுந்து போய்த் தனசேகர் சாரிடம் சொன்னேன். பட்டியல் மூடியாயிற்று, முழு வெளியீட்டுக்குப் போய்விட்டது, ஓர் எழுத்துக்காக எல்லாவற்றையும் திறக்க முடியாது, அடுத்த வருஷ அப்டேட்டில் பார்க்கலாம் என்றார். ஒரு நாற்காலியை இழுத்து அவர் மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னங்க இது?"

"மாத்தற வரைக்கும் எந்திரிக்கறதா இல்லீங்க சார்."

அவர் மீட்டிங் போனார், வந்தார். சாப்பிடப் போனார், வந்தார். ஸ்டுடியோ முழுக்க எட்டிப் பார்த்தது. லீனா மேடம் கண்ணாடிக் கதவு வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாலு மணிக்குத் தனசேகர் சார் பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பைத் திறந்தார். ஒவ்வோர் எழுத்தாக நான் சொல்ல, அவர் அடித்தார்.

திரையைப் படமெடுத்து ஷமீமாவுக்கு அனுப்பினேன். மன்னிப்பு என்று எதையோ எழுதி, அழித்துவிட்டு, படத்தை மட்டும்.

அரைமணி கழித்துப் பதில் வந்தது.

"சரி. நேத்து விளையாடிப் பாத்தேன். பனி பெய்யறப்ப பிடிக்கறவன் கை பந்துக்குள்ள போகுது. எழுதிக்க. என் பேர்ல எழுது."

எழுதிக்கொண்டேன்.